பழைய டிராக்டரில் உழவுப் போட்டி: முதன்முறை களமிறங்குபவருக்கு

உழவுப் போட்டி நடக்கிற வயலுக்கு முதல் தடவை போகிறவர்கள் டிராக்டரைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். சாம்பல் நிற ஃபெர்குசன், ஆரஞ்சுச் சக்கரம் போட்ட நீல ஃபோர்ட்சன் மேஜர், சிவப்பு டேவிட் பிரவுன் என்று வரிசையாக நிற்கும்போது கண் அங்கேதான் போகும். நடுவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். அவருக்கு வேலை மண்ணோடு. உழுத பாளங்களின் மேல் மிதித்து நடப்பார், குனிந்து கண்ணை மட்டம் வைத்துப் பார்ப்பார், புல் எங்கேயாவது தலைகாட்டுகிறதா என்று தேடுவார், தாளில் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். வண்டிக்குப் பெயின்ட் அடித்தே ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர் கடைசி இடத்தில் நிற்பதும், துருவேறிய பானட்டோடு வந்தவர் கோப்பையோடு வீடு திரும்புவதும் இங்கே அன்றாடம். ஆகவே இந்த அத்தியாயத்தின் அறிவுரை ஒன்றே ஒன்றுதான். பணமும் பொழுதும் கொஞ்சமாக இருந்தால் இருக்கைக்குப் பின்னால் செலவிடுங்கள்.

எந்தப் போட்டி

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வட்டாரத்துக்கு ஒரு உழவுச் சங்கம் இருக்கும். கோதுமையும் பார்லியும் அறுவடையாகி அரிதாள் மட்டும் நிற்கிற செப்டம்பரில் தொடங்கி, வார இறுதிகளில் எங்காவது ஒரு விவசாயி போட்டிக்கு வயல் கொடுப்பார். அயர்லாந்தில் குளிர்காலம் முழுக்க நடக்கிற ஊர்களும் உண்டு.

பெரிய மேடைகள் தனி. எந்த மாவட்டத்து உழவர் உசத்தி என்று கில்டேரின் ஜே.ஜே. பெர்கினும் வெக்ஸ்ஃபோர்டின் டெனிஸ் ஆலனும் வாதாடியதில் பிறந்தது அயர்லாந்தின் தேசியப் போட்டி. 1931 பிப்ரவரியில் ஏதி என்ற ஊருக்கு அருகே குதிரைக் கலப்பைகளோடு தொடங்கிய அது, இன்று செப்டம்பரில் மூன்று நாள் நடக்கும் திருவிழா. 2019இல் அங்கே வந்தவர்கள் 2,90,000க்கும் மேல். பிரிட்டனின் தேசியப் போட்டியை, 1972இல் உருவான ‘சொசைட்டி ஆஃப் ப்ளவ்மென்’ அக்டோபரில் நடத்துகிறது. இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உலகப் போட்டி 1953இல் கனடாவின் கோபர்க் ஊரில் தொடங்கியது. அங்கே இன்றைய டிராக்டர்களும் இன்றைய கலப்பைகளும்தான்.

இவற்றுக்கெல்லாம் வேடிக்கை பார்க்கப் போங்கள். போட்டியிட உள்ளூர்ச் சங்கமே போதும். கட்டணம் சொற்பம். பக்கத்துத் துண்டில் உழுகிறவர் நாற்பது வருடம் உழுதவராக இருப்பார். உங்கள் சால் பாம்பாக நெளிந்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

விண்ணப்பத்தில் பிரிவைக் கவனமாகப் பாருங்கள். 1959 இறுதிக்குள் செய்த வண்டிகளைப் பழையவை என்று கொள்வது பல சங்கங்களின் வழக்கம். அதற்குப் பிந்தியவை வேறு பிரிவில் போகும். பழையவற்றிலேயே, சங்கிலியோ கொக்கியோ போட்டுப் பின்னால் இழுபடும் கலப்பைக்கு ஒரு பிரிவு, ஹைட்ராலிக்கில் தூக்கும் கலப்பைக்கு இன்னொன்று. புல்தரையைக் கூரிய முனை தெரியப் புரட்டும் ‘ஹை கட்’ பிரிவும் சில இடங்களில் இருக்கும். அது தனிக் கலை, தனிக் கலப்பை. புதியவர் எட்டி நின்று ரசிக்கலாம்.

வண்டி

முதல் போட்டிக்கு வண்டி தேடுகிறவரிடம் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வது சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் உதிரிபாகம் சிரமமின்றிக் கிடைக்கிறது. வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக்காரரான ஹாரி ஃபெர்குசன், கலப்பையை வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற தனிச் சுமையாக விடாமல், மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்தார். மண் கடினமானால் கலப்பை, மேல் இணைப்பான டாப் லிங்க்கைத் தள்ளும். அந்தத் தள்ளல் ஒரு ஸ்பிரிங் வழியாக ஹைட்ராலிக்கை முடுக்கி, கலப்பையைச் சற்றே மேலே தூக்கும். சுமை குறைந்ததும் தானாக இறங்கும்.

தமிழ்நாட்டு டிராக்டர் ஓட்டுநர்கள் தினமும் கையால் திருகுகிற டாப் லிங்க்கும் இதே ஏற்பாடுதான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் வண்டிகளை அங்கே கொண்டுவந்தது. ஊரில் மாஸி ஓட்டிப் பழகியவருக்குப் பழைய ஃபெர்குசனின் லிவர்கள் அந்நியமாகத் தோன்றாது. கியர் லிவரை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்பது மட்டும் முதல் நாள் திகைக்கவைக்கும். அவர் புதிதாகக் கற்கவேண்டியது கலப்பையை. நம் ஊரில் அதிகம் ஓடுகிற சட்டிக் கலப்பையும் கொத்துக் கலப்பையும் மண்ணைக் கிளறிப் பொலபொலப்பாக்கும். இங்கே போட்டிக்கு வேண்டியது, மண்ணைப் பாளமாக அறுத்து அப்படியே தலைகீழாகப் புரட்டி, முந்தைய பாளத்தின் மேல் சாய்த்து வைக்கிற இறக்கைக் கலப்பை.

டிஇ20க்கு ஒரு குறையும் உண்டு. அதன் ஹைட்ராலிக், மண்ணின் எதிர்ப்பை மட்டும் அறியும். கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்திவைக்கும் வசதி 1956இல் வந்த ஃபெர்குசன் 35இல்தான் சேர்ந்தது. வயலில் ஒரு பக்கம் களி, மறுபக்கம் மணல் என்றிருந்தால் டிஇ20இன் ஆழம் அலைபாயும். ஆகவே விதி அனுமதிக்கிற இடத்தில் போட்டிக்காரர்கள் கலப்பையில் ஆழம் காக்கும் சக்கரம் ஒன்றைப் பொருத்திக்கொள்வார்கள். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 35ஐயே வாங்கச் சொல்வேன்.

1933க்குப் பின் டாகனமில் உருவான ஃபோர்ட்சன் ‘என்’ போன்ற முன்கைப்பிடி சுற்றி எழுப்பும் வண்டிகள் இழுவைக் கலப்பைக்காரர்களின் செல்லம். இருக்கையிலிருந்து உடம்பைத் திருப்பி, பின்னால் வருகிற கலப்பையின் திருகு கைப்பிடியை ஒரு கையால் சுற்றியபடியே மறுகையால் நேராக ஓட்டுகிறவர்களைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம். தொடங்குகிறவருக்கு அது வேண்டாம். டேவிட் பிரவுன் கிராப்மாஸ்டர், நஃபீல்டு, டீசல் மேஜர் எல்லாம் நல்ல வண்டிகளே. அவற்றில் எது உங்கள் ஊரில் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

எரிபொருள் பற்றி ஒரு எச்சரிக்கை. டிஇ20இன் சில வகைகளும் பழைய ஃபோர்ட்சன்களும் ‘டிவிஓ’ என்ற மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடியவை. பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் அதற்கு மாற்றவேண்டும். அந்த எண்ணெய் இப்போது பம்புகளில் கிடைப்பதில்லை. ஆளாளுக்கு மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்து ஒரு விகிதம் சொல்வார்கள். அதே எஞ்சின் வைத்திருப்பவரிடம் மட்டும் கேளுங்கள்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை சில. குறைந்த வேகத்தில் திணறாமல் இழுக்கிறதா? ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா? தூக்கிய கலப்பை எஞ்சினை அணைத்தபின் மெல்ல இறங்கிவிடுகிறதா? பின் டயரின் அகலம் சாலுக்குள் அடங்குகிறதா? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து அங்குலச் சாலில் அகலமான புது டயரைப் போட்டால், நீங்கள் அழகாகச் சாய்த்துவைத்த பாளத்தின் விளிம்பை அதுவே நசுக்கிக்கொண்டு போகும்.

கலப்பை

பழைய பிரிவுகளில் அடிக்கடி காண்பது ஃபெர்குசனின் சொந்த இரட்டைக் கலப்பையும் இப்ஸ்விச் ஊரின் ரான்ஸம்ஸ் கலப்பைகளும். ரான்ஸம்ஸ் பழைய கை. அதன் நிறுவனர் ராபர்ட் ரான்ஸம் வார்ப்பிரும்புக் கொழுவின் அடிப்பக்கத்தை மட்டும் சட்டெனக் குளிரவைத்துக் கெட்டியாக்கும் முறைக்கு 1803இல் காப்புரிமை பெற்றார். மேல்பக்கம் சீக்கிரம் தேய, கெட்டியான அடிப்பக்கம் நிற்க, உழ உழக் கொழு தானே கூராகிக்கொள்ளும். அந்த வார்ப்புக் கொழுக்களைத்தான் இன்றும் பலர் மாட்டுகிறார்கள். கல்லில் மோதினால் உடைந்துவிடும் என்பதால் உபரியாக இரண்டு, அதற்குரிய போல்ட்டோடு, பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

பழைய கலப்பையை விலை பேசுமுன் ஒரு நூலும் அளவுநாடாவும் எடுத்துப் போங்கள். சட்டம் வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு கொழுக்களின் நுனிக்கும் இடையே உள்ள தூரம், சட்டத்திலிருந்து ஒவ்வொரு நுனியின் உயரம், இரண்டு இறக்கைகளின் வால் எவ்வளவு வெளியே நிற்கிறது, எல்லாம் ஒத்துவரவேண்டும். ஒரு இறக்கை புதிது, மற்றது தேய்ந்தது என்றால் இரண்டு பாளமும் ஒன்றுபோல் விழாது. தூரத்தில் நின்று பார்க்கிறவருக்குக்கூட வயல் கோடுபோட்ட சட்டை மாதிரி தெரியும். குழிகுழியாகத் துரு அரித்த இறக்கையைக் கண்டால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். மேலோட்டமான துரு தேய்த்தால் போகும். அதன்பின் மணற்பாங்கான நிலத்தில் நாலு சுற்று ஓட்டினால் கண்ணாடியாகிவிடும். மண் அதில் ஒட்டாமல் வழுக்கி ஓடுவதுதான் முக்கியம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய அமைப்பு வேலை ஒன்று உண்டு. உழும்போது வலது சக்கரங்கள் சாலுக்குள் ஓடும், இடது சக்கரங்கள் உழாத நிலத்தில் ஓடும். ஆகவே கான்கிரீட் தரையில், உழப்போகும் ஆழத்துக்குச் சமமான பலகைக்கட்டைகளை இடது சக்கரங்களின் கீழ் வைத்து வண்டியை ஏற்றுங்கள். ஆறு அங்குலம் உழுவதானால் ஆறு அங்குலக் கட்டை. இப்போது கலப்பையை இறக்கி, பின்னால் உட்கார்ந்து பாருங்கள். கொழுத் தண்டுகள் இரண்டும் செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்திருந்தால் வலது லிங்க்கின் கைப்பிடியைச் சுற்றிச் சரிசெய்யலாம். முன்பக்கம் தூக்கியோ குத்தியோ இருந்தால் டாப் லிங்க். அதைக் குறுக்கினால் மூக்கு கீழே குத்தும், நீட்டினால் எழும்பும்.

பாளத்தை அறுக்கிற வட்டக் கத்தி, கொழுவின் பக்கவாட்டுத் தகட்டிலிருந்து அரை அங்குலம் உழாத நிலத்தின் பக்கம் தள்ளி ஓடட்டும். சாலின் சுவர் சுத்தமாக நிற்கும். அதையடுத்த முன்கொழு, பாளத்தின் ஓரத்தை மட்டும் மெலிதாகச் சீவிப் புல்லையும் தாளையும் சாலின் அடியில் தள்ளும். புதியவர்கள் இதை ஆழமாக இறக்கிவிடுவார்கள். பாளத்தின் தோளே போய்விடும், முகடு சப்பையாகிவிடும். சீவினால் போதும், வெட்டவேண்டாம்.

வயலில்

காலையில் சீட்டுக் குலுக்கித் துண்டு எண் தருவார்கள். எண் எழுதிய முளையைக் கண்டதும் வண்டியை அங்கே ஓரமாக விட்டுவிட்டு, துண்டின் நீளம் முழுக்க நடந்து பாருங்கள். எங்கே மேடு, எங்கே ஈரம், எந்த இடத்தில் அறுவடை எந்திரத்தின் சக்கரத்தடம் குறுக்கே போகிறது என்று தெரிந்துகொள்வது அந்த நடையில்தான்.

பெரும்பாலான போட்டிகளில் முதல் கட்டத்துக்குக் கெடு இருபது நிமிடம் போலிருக்கும். அதற்குள் தொடக்கச் சாலைப் பிளந்துவிடவேண்டும். போகும்போது ஒரு மெலிந்த பாளத்தை வலப்பக்கம், திரும்பி வரும்போது இன்னொன்றை எதிர்ப்பக்கம், நடுவில் துப்புரவான ஒரு பள்ளம். இரண்டுக்கும் நடுவே உழாத கீற்று எதுவும் மிஞ்சக்கூடாது. பிறகு நடுவர் வருகிறவரை எல்லோரும் நிற்பார்கள். அவர் மதிப்பெண் போட்டபின் மண்ணைத் திரும்ப உள்ளே தள்ளி முகடு கட்டத் தொடங்கலாம்.

நேர்கோட்டுக்குக் குறைந்தது மூன்று குறிக்கம்புகள் ஊன்றுங்கள். இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் பானட்டின் நடுவும் மூன்று கம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று மறையவேண்டும். ஓட்டும்போது பார்வை கடைசிக் கம்பில் இருக்கட்டும். கிட்டத்துக் கம்பைப் பார்த்து ஓட்டினால் ஒவ்வொரு கம்பிலும் ஒரு நெளிவு விழும். நடுவழியில் கலப்பை என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும், அதற்குத்தான் முந்தின வாரத்துப் பயிற்சி. கம்புகளைப் பிடுங்க ஓர் உதவியாளரைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அதற்குமேல் அவர் துண்டுக்குள் வரக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது.

முதல் பிளவு கோணினால் அதற்குப் பின் வருகிற சால் எல்லாம் அதையே பார்த்து ஓடும். கோணலைச் சரிக்கட்ட நினைத்துப் பாளத்தின் அகலத்தை ஏற்றி இறக்கினால் ஒரே சீர்மைக்கான மதிப்பெண்ணும் போகும். பழைய கைகள் இதனால்தான் முகடு முடிகிறவரை யாரோடும் பேசுவதில்லை. முகடு முடிந்தபின் டீ குடிக்கக்கூட நேரம் இருக்கும்.

நடுவரின் தாளில் தலைப்புகள் ஏறக்குறைய இப்படி ஓடும்: தொடக்கச் சால், முகடு, நேர்கோடு, ஒரே சீர்மை, பாளத்தின் இறுக்கம், புல்லும் தாளும் புதைந்தது, விதைக்கக் கிடைக்கும் மண், கலப்பை இறங்கிய ஏறிய இடங்கள், கடைசிச் சால். இவற்றில் இறங்கும் ஏறும் இடங்கள் உழைக்காமல் கிடைக்கிற மதிப்பெண். இரு முனையிலும் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று கீறி வைத்துக்கொண்டு, கொழு கோட்டைத் தொடும்போது இறக்கி, கோட்டில் தூக்குங்கள். ஹைட்ராலிக் கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிற வண்டியானால் அந்தத் தாமதத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்கவேண்டும்.

கடைசிச் சால்

போட்டியை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். முகட்டைச் சுற்றி உழுதுகொண்டே போய், உங்கள் உழவுக்கும் பக்கத்துக்காரரின் உழவுக்கும் நடுவே மிஞ்சுகிற நிலக்கீற்றை முடிக்கவேண்டும். அந்தக் கீற்று இரு முனையிலும் நடுவிலும் ஒரே அகலமாக இருந்தால் கடைசிச் சால் தானாக வரும். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல் என்றிருந்தால் கடைசியில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

கணக்கு எளியது. பத்து அங்குல இரட்டைக் கலப்பை ஒரு போக்கில் 20 அங்குலம் எடுக்கும். மிஞ்சிய கீற்று ஏழெட்டுப் போக்கு அகலம் இருக்கும்போதே வண்டியை நிறுத்தி, நாடாவால் மூன்று இடத்திலும் அளந்துவிடுங்கள். நான்கு அங்குல வித்தியாசம் இருந்தால் அடுத்த நாலு போக்கில் போக்குக்கு ஒரு அங்குலமாகக் கரைத்துவிடலாம். யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரே போக்கில் நாலு அங்குலமும் எடுத்தால் நடுவரின் கண்ணுக்குக் கட்டாயம் தெரியும். ஃபெர்குசன் கலப்பையில் முதல் கொழு எடுக்கும் அகலத்தை மாற்ற, கலப்பையின் குறுக்குத் தண்டைச் சற்றே திருப்பினால் போதும். எத்தனை திருப்பினால் எவ்வளவு மாறுகிறது என்பதை வீட்டிலேயே சுண்ணக்கட்டியால் அதன்மேல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் போக்குகளை மேலாக உழுது, இறுதிப் பாளத்தை ஒரே கொழுவால் மெலிதாக எடுப்பார்கள். அடியில் ஆழமான வாய்க்கால் விழுந்தால் அடுத்து விதைக்கிற விவசாயிக்குத்தான் தொல்லை. போட்டி முடிந்தாலும் அது அவருடைய வயல். சக்கரத்தடம் மிகக் குறைவாகத் தெரியவேண்டும்.

வயல் மரியாதைகள்

சாலுக்குள் இறங்கிக் கையாலும் காலாலும் மண்ணைத் தள்ளி அழகுபடுத்துவதைத் ‘தோட்டவேலை’ என்று கேலி செய்வார்கள். சில பிரிவுகளில் கொஞ்சம் அனுமதி உண்டு, சிலவற்றில் மதிப்பெண் வெட்டு. விதிப்புத்தகம் என்ன சொன்னாலும், பூட்ஸால் பாளத்தைத் தட்டிக்கொண்டே போகிறவரை மற்றவர்கள் பார்க்கிற பார்வையைத் தாங்குவது கடினம்.

பக்கத்துத் துண்டுக்காரர் உங்கள் போட்டியாளர்தான். ஆனால் உங்கள் கடைசிச் சாலின் ஒரு சுவர் அவர் உழவு. அவர் முகடு நேராக இருந்தால் உங்களுக்கும் நல்லது. இங்கே ஒருவருக்கொருவர் ஸ்பேனரும் கொழுவும் கடன் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். வருகிறவர்களில் ஓய்வுபெற்ற விவசாயிகள் அதிகம். லாரி ஓட்டுகிறவர்கள், மெக்கானிக்குகள், நிலமே இல்லாமல் டிராக்டர் மட்டும் வைத்திருப்பவர்களும் வருவார்கள். தாத்தாவின் ஃபெர்குசனைப் பேத்தி ஓட்ட, தாத்தா வேலியோரம் நின்று பதறுவதும் சாதாரணக் காட்சி. கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். கேட்காமல் வந்து சொல்லமாட்டார்கள். அதை இறுமாப்பு என்று எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள்.

பழைய வண்டிகளுக்குக் கூண்டும் கிடையாது, கவிழ்ந்தால் காக்கும் வளைவும் கிடையாது. யாரையும் பக்கத்தில் ஏற்றாதீர்கள். தளர்ந்த சட்டை நுனி, கழுத்துத் துணி எதுவும் சுழலும் தண்டுக்கு அருகே போகவேண்டாம். கலப்பையின் கீழ் கையைவிடுமுன் அதைத் தரையில் இறக்கிவிடுங்கள். எழுபது வயது ஹைட்ராலிக்கை நம்பி யாரும் கலப்பையின் கீழ் படுக்கக்கூடாது.

பரிசளிப்பு முடிந்ததும் இரண்டு வேலைகள். வண்டியை டிரெய்லரில் ஏற்றுமுன் இறக்கைகளைத் துடைத்துக் கிரீஸ் தடவுங்கள். ஒரு மழை இரவு போதும், வாரக்கணக்கில் தேய்த்த பளபளப்பு செம்மண் நிறமாகிவிடும். அடுத்து, மதிப்பெண் தாளை வாங்கிக்கொண்டு நடுவரையும் கூட்டிப்போய் உங்கள் துண்டில் ஒருமுறை நடங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு வருவார்கள். தாளில் எந்தத் தலைப்பில் மிகக் குறைவோ அதை மட்டும் அவரிடம் கேளுங்கள். பல சங்கங்கள் பருவம் தொடங்குமுன் பயிற்சி நாள் நடத்துகின்றன. அடுத்த தேதியைச் செயலாளரிடம் அன்றைக்கே எழுதிவாங்கிவிடுங்கள், அந்த ஒரு தலைப்பை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.